70,000 ரூபாய் கேமிங் கம்ப்யூட்டரும் எர்த் இல்லாத பிளக் பாயிண்டும்: சத்துவாச்சாரி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலூரில் 11 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். முதல் கேமிங் கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் பிராசஸர், கார்டு, ராம் என்று பாகங்களைப் பற்றித்தான் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தேன். 2024 ஏப்ரலில் இருந்து ஜூன் வரை சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பேச்சைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் இருந்து தொடங்குகிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர் எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். விலைகளை மட்டும் நூறுக்கு முழுதாக்கி இருக்கிறேன்.

பின்னணி

மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மகள் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குப் போகிறார். பையனுக்கு 19 வயது, என்ஜினியரிங் முதல் வருடம். அதுவரை அவன் ஆடியதெல்லாம் போனில்தான், எப்போதாவது நண்பன் வீட்டு கம்ப்யூட்டரில். மகள் இரண்டு வருடமாகக் கட்டி வந்த சீட்டில் 75,000 ரூபாய் எடுத்தார். அதில் 5,000 அம்மா கையில் இருக்கட்டும், மீதி 70,000 தம்பியின் கம்ப்யூட்டருக்கு என்று அவரே சொல்லிவிட்டார். காலேஜில் கேட் (CAD) என்கிற கம்ப்யூட்டர் வரைபட வேலை வரும், அதற்கும் ஆகும் என்பது அவர் கணக்கு. அந்தப் பணத்தின் கனம் தெரிந்ததால்தான் ஒவ்வொரு ரூபாயையும் யோசித்து யோசித்துச் செலவு செய்தோம்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், பின்னால் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். கீழ்த்தளம் கட்டி முப்பது வருடம் இருக்கும். மாடி பிறகு எழுப்பியது. மேலே வெறும் தளம்தான், ஓடு பதிக்கவில்லை, வேலூர் வெயில் நேராக இறங்கும். பையன் கம்ப்யூட்டர் வைக்க நினைத்த மூலையில் மூன்று துளை 5 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் ஒன்று இருந்தது. வெளியில் இருந்து பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை. நானும் பார்த்துவிட்டு சரி என்று நகர்ந்துவிட்டேன்.

பையன் கொண்டுவந்த பட்டியல்

வீடியோக்கள் பார்த்து அவனே ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். 8 கோர் ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸர், அதைக் குளிர்விக்க தண்ணீர் கூலர், நாலு பக்கமும் கண்ணாடி போட்டு ஏழு கலர் ஃபேன் வைத்த கேபினட், ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டு, விலை குறைந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி). மானிட்டருக்கு வீட்டில் இருக்கும் பழைய டிவியே போதும் என்று எழுதி இருந்தான்.

முதல் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பணம் போயிருக்கும். ஆடும்போது வேகத்தை முடிவு செய்வது முதலில் கிராஃபிக்ஸ் கார்டு, அந்த வேகம் கண்ணுக்கு வந்து சேருவது மானிட்டரில். 60 ஹெர்ட்ஸ் டிவியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட் இடைவெளி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 6 மில்லி செகண்ட். வாலரன்ட் மாதிரி சுடும் ஆட்டம்தான் அவனுக்கு முக்கியம், அதில் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். 65 வாட் பிராசஸருக்குத் தண்ணீர் கூலரும் தேவையில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பிராசஸர் ரைசன் 5 5600. 6 கோர், 12 த்ரெட், கூலர் பெட்டியிலேயே வரும். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் புதிய ஏஎம்5 வரிசைக்குப் போனால் டிடிஆர்5 ராமும் புது மதர்போர்டும் சேர்ந்து பட்ஜெட்டை உடைத்துவிடும். 5600 உட்காரும் ஏஎம்4 பழைய வரிசைதான், ஆனால் மூன்று வருடம் கழித்து இதே போர்டில் இன்னும் வேகமான 5800எக்ஸ்3டி பிராசஸர் வரைக்கும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

கார்டு ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 1080 திரைக்கு அது தாராளம், அவன் எழுதி வந்த 3050ஐ விட நல்ல வேகம், 132 வாட்தான் எடுக்கும், ஒரே ஒரு 8 பின் ஒயர் போதும். ஆர்டிஎக்ஸ் 3060 அன்றைய விலையில் 5,000 கூடுதலாக இருந்தது, வெப்பமும் 170 வாட். மே மாத வேலூரில் ஒரு மாடி அறைக்குள் கூடுதலாக எரியும் ஒவ்வொரு வாட்டும் ஆளைத்தான் சுடும், அதனால் வாட் குறைவு என்பதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டோம்.

மதர்போர்டு பி550. விலை குறைந்த பி450 போட்டிருந்தால் 2,000 மிச்சமாகும். ஆனால் கடையில் நாள்பட்டுக் கிடந்த பி450 போர்டில் பழைய பயாஸ் (போர்டை இயக்கும் உள் மென்பொருள்) இருந்தால் 5600ஐ அடையாளமே தெரியாமல் நிற்கும். அதோடு ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன்களை (தரவு போகும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, தலைமுறை 4 பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தால்தான் அதற்கு முழு வழி.

கேபினட் விஷயத்தில் பையனுக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி நடந்தது. அவனுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டும், எனக்குக் காற்று புகும் வலை வேண்டும். "உன் ரூம்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து உட்கார்ந்து பார்த்தேன்டா" என்று சொன்னேன். ஒத்துக்கொண்டான்.

அப்புறம் யுபிஎஸ். 1000 விஏ ஒன்று 5,800 சொன்னார்கள். பட்டியலைக் கூட்டினால் 70,000ஐத் தாண்டியது. அதை எடுத்துவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான்.

பணமும் பயணமும்

முதலில் போகத் திட்டமிட்டது ஏப்ரல் 13 சனிக்கிழமை, சித்திரை முதல் நாளுக்கு முந்தின நாள். சீட்டுப் பணம் ரொக்கமாக இருந்தது. நாடாளுமன்றத் தேர்தல் நேரம், 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப்போனால் கையில் ஆவணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பறக்கும் படை எடுத்துவைத்துவிடும். 2019ல் பணம் பிடிபட்டு ஓட்டுப்பதிவே ரத்தான தொகுதி எங்களுடையது, அந்தப் பயம் இங்கே எல்லோருக்கும் உண்டு. அதனால் பணத்தை மகளின் பேங்க் கணக்கில் போட்டு, அவர் போனில் இருந்தே யுபிஐயில் கொடுப்பது என்று முடிவு செய்து பயணத்தை ஒரு வாரம் தள்ளினோம். ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு, 20ஆம் தேதி சனிக்கிழமை காலை காட்பாடியில் ரயில் ஏறினோம்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிராசஸர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, கார்டு ஐந்தும் வாங்கினோம். பிராசஸர் 11,400, போர்டு 8,900, 8 ஜிபி ராம் இரண்டு 3,500, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,300, கார்டு 20,200. கூட்டினால் 49,300.

ஒரு கடையில் ஏற்கனவே யாரோ பயன்படுத்திய கார்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். புதுசை விட வேகமான மாடல், 4,000 குறைவு. பையன் கண் அதை விட்டு நகரவில்லை. பில் கேட்டேன், இல்லை என்றார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் எடுக்கும் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு ராப்பகலாக ஓடிய கார்டுகள் ஏகப்பட்டது சந்தைக்கு வந்தன. பார்த்த மாத்திரத்தில் எது எப்படி ஓடியது என்று சொல்ல முடியாது. முதல் கம்ப்யூட்டர், மாற்றுக் கார்டு கிடையாது, செத்தால் வாரண்டியும் கிடையாது. வேண்டாம் என்றேன். புதுக் கார்டுக்கு பில்லில் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கினோம்.

மானிட்டர் 10,900, கேபினட் 3,600, 550 வாட் ப்ரான்ஸ் (வெண்கலத் தர) எஸ்எம்பிஎஸ் 4,100, கீபோர்டும் மவுஸும் 1,400. இவை 20,000, வேலூரிலேயே வாங்கினோம். சென்னை விலையை விட 700 ரூபாய் கூடுதல்தான். ஆனால் மானிட்டரை ரயில் கூட்டத்தில் தூக்கி வரும் பயம் இல்லை, பிரச்சினை என்றால் கடைக்காரரை நேரில் பார்க்கலாம். மொத்தம் 69,300.

அசெம்பிள் செய்த நாள்

ஏப்ரல் 21 ஞாயிறு. அம்மாவின் துணி வெட்டும் மேஜையைக் காலி செய்து கொடுத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், கை வைத்ததெல்லாம் பையன். ஏஎம்4 பிராசஸரில் பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருக்கும், 1331 பின், ஒன்று மடங்கினாலும் கஷ்டம். மூலையில் இருக்கும் தங்க நிற முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல் மேலே வைத்தாலே தானாக இறங்கும். அது இறங்கியபோது அவன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ராமை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வைத்தேன். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் சேர்ந்து இரட்டைச் சேனலில் ஓடாது.

ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் எல்லாம் சுற்றியது, திரை கருப்பாகவே இருந்தது. "அண்ணா, டிஸ்ப்ளே வரலண்ணா" என்றான், குரலே போய்விட்டது. பின்னால் எட்டிப் பார்த்தேன். எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் சொருகி இருந்தான். 5600க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, ஜி என்று முடிகிற 5600ஜியில்தான் உண்டு. கேபிளைக் கார்டுக்கு மாற்றியதும் படம் வந்தது. புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப்பேர் முதலில் பயப்படுவது இந்த இடத்தில்தான்.

பயாஸில் இரண்டு வேலை. 3200 என்று எழுதிய ராம் 2400ல் ஓடிக்கொண்டிருந்தது, ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்ததும் 3200க்கு வந்தது. விண்டோஸ் 11ல் வாலரன்ட் ஆட டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் ஆன் ஆகி இருக்க வேண்டும், அதையும் செய்தோம். இரவு எட்டு மணிக்கு ஆட்டம் ஓடியது. நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

கவனித்தது, கவனிக்காமல் விட்டது

மூன்றாம் நாள் பையன் போனில் பேசினான். ஆட்டம் அருமையாக ஓடுகிறது, ஹெட்செட்டில் மட்டும் சன்னமாக ஒரு இரைச்சல் கேட்கிறது என்றான். பேச்சோடு பேச்சாக, "அம்மா கேபினட்ட தொடைக்கும்போது லேசா ஷாக் அடிச்சுதாம்ணா" என்றான். அது ஸ்டாட்டிக்காக இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த நிகழ்வில் நடந்த தவறுகளில் பெரியது இதுதான், செய்தவன் நான். ஏப்ரல் மாதம் ஈரத் துணியோடு துடைக்கிறவருக்கு ஸ்டாட்டிக் எப்படி வரும் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும்.

26ஆம் தேதி ஆட்டத்தின் நடுவில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனது. மறுநாளும் ஆனது. ஆடும்போது நடக்கிறது என்றால் லோடு தாங்காமல் எஸ்எம்பிஎஸ் விடுகிறது என்று முடிவுகட்டி, என்னிடம் இருந்த வேறு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி விட்டேன். மறுபடியும் ரீஸ்டார்ட். ராமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து பார்த்தேன். நாலைந்து நாள் இப்படியே போனது. அந்தப் பையன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் அக்காவின் பணம் வீணாகிவிட்டதோ என்று அவன் தூங்காமல் கிடந்ததை அம்மா பிறகு சொன்னார்.

அப்புறம்தான் ஒரு நோட்டில் எந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது என்று எழுதச் சொன்னேன். அதுவரை ஆறு முறை, அதில் நான்கு முறை சாயங்காலம் ஆறு மணிக்கும் ஆறரைக்கும் நடுவில். அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். கீழ் வீட்டில் தண்ணீர் மோட்டார் போடுவார்கள் என்றார் அம்மா. கூடவே அவரே, "தம்பி, இந்த டப்பாவத் தொட்டா இன்னும் சுருக்குன்னுதான் இருக்கு. அவன் செருப்பு போட்டுக்கிட்டு உக்காரான், அவனுக்குத் தெரியல" என்றார்.

மே 2ஆம் தேதி மீட்டரும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு போனேன். கார்டைப் பிடித்திருக்கும் பின்பக்கத் திருகில் டெஸ்டரை வைத்தேன். உள்ளே நியான் மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. கேபினட் இரும்புக்கும் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயருக்கும் நடுவில் மீட்டர் 112 வோல்ட் காட்டியது. சப்ளை 226.

கிட்டத்தட்ட சரி பாதி. அந்த எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று கரண்ட் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், இன்னொன்று நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். எர்த் ஒயர் பூமியோடு சேர்ந்திருந்தால் அதில் வரும் மில்லி ஆம்ப்ஸ் அப்படியே இறங்கிப் போய்விடும். சேர்ந்திருக்காவிட்டால் இரண்டுக்கும் நடுவில் கேபினட் தொங்கிக்கொண்டு நிற்கும், சப்ளையில் பாதி வோல்ட்டில். அந்தக் கரண்ட் மிகக் குறைவு, சுருக்கென்பதோடு நிற்கும். ஆனால் உள்ளே நிஜமாகவே ஒரு ஃபேஸ் ஒயர் இரும்பில் பட்டுவிட்டால், பூமிக்குப் போக அதற்கு இருக்கும் ஒரே வழி துடைத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கை. எஸ்எம்பிஎஸ்ஸில் பழுதே இல்லை. ஹெட்செட் இரைச்சலுக்கும் காரணம் இதுதான்.

சுவருக்குள் இருந்தது

எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து மெயினை ஆஃப் செய்து பெட்டியைக் கழற்றினோம். மூன்று துளை பாயிண்டுக்குப் பின்னால் இரண்டே ஒயர், சிவப்பும் கருப்பும். எர்த் பின்னின் திருகு வாங்கிய நாளில் இருந்த பளபளப்போடு அப்படியே இருந்தது, அதில் ஒரு ஒயரும் ஒருநாளும் மாட்டப்படவில்லை. ஃபேஸ் ஒயரின் திருகு லூசாகி, பக்கத்து பிளாஸ்டிக் லேசாகக் கருகி இருந்தது.

ஃப்ரிட்ஜ் பாயிண்டைத் திறந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாரோ முன்னால் வந்தவர் நியூட்ரலில் இருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரை லூப் போட்டு வைத்திருந்தார். எங்களோடு வந்த எலக்ட்ரீஷியனும், "இங்கயும் அதே மாதிரி போட்டுட்டா ஷாக் நின்னுடும் சார், அம்பது ரூபா வேலை" என்றார். நிற்கும், உண்மைதான். ஆனால் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் அந்த நிமிடமே ஃப்ரிட்ஜின் முழு உடம்பும் கேபினட்டின் முழு உடம்பும் 230 வோல்ட்டில் நிற்கும். இருந்த லூப்பையும் அன்றைக்கே கழற்றச் சொன்னோம். எர்த் வேலை முடியும் வரை கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும், ஃப்ரிட்ஜை செருப்பு போட்டுக்கொண்டு, காய்ந்த கையோடுதான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு ஓனர் பெரியவர். "முப்பது வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலியே" என்றார். அவர் சொன்னதில் கோபப்பட ஒன்றுமில்லை, எர்த் இல்லாதது வெளியே தெரியாத குறை. எலக்ட்ரீஷியன் ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு மாட்டி, அவருடைய சமையலறை கிரைண்டர் பாயிண்டிலேயே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துக் காட்டினார். எர்த் சரியாக இருந்தால் பல்பு முழுதாக எரிய வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி மட்டும் கங்கு மாதிரி சிவந்து நின்றது. பெரியவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த கிரைண்டரில் தினமும் மாவாட்டுவது அவர் மனைவி. "என்ன செய்யணுமோ செய்யுங்க, பாதி நான் தர்றேன்" என்றார்.

மே 5 ஞாயிறு, அக்னி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள் வேலை. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அருகில் பழைய எர்த் குழி இருந்தது, முற்றத்துக்கு சிமெண்ட் போட்டபோது அதன் வாயையும் மூடிவிட்டிருந்தார்கள். உடைத்துப் பார்த்தால் குழாய் நன்றாக இருந்தது, கிளாம்ப்பில் சேரும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஒயர் விரலால் தொட்டதும் துருவாக உதிர்ந்தது. மண் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது, சிமெண்ட் மூடியதால் வருடக்கணக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

புது கிளாம்ப், மாடி வரைக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் பச்சை ஒயர், மூன்று பாயிண்டுக்கும் இணைப்பு. பல்பு வைத்துப் பார்த்தோம், வெளிச்சம் வந்தது, ஆனால் மங்கல். குழிக்குள் ஆறு குடம் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் காலையும் மாலையும் ஊற்றினார்கள். செவ்வாய்க்கிழமை அதே பல்பு அறை விளக்கு மாதிரி எரிந்தது. உப்பு போட்டால் இன்னும் சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் குழாயையும் சீக்கிரம் அரிக்கும் என்பதால் வெறும் தண்ணீரோடு நிறுத்தினோம். கடைசியாக மெயினில், கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி ஒன்று போட்டார்கள். எல்லாம் சேர்த்து கூலியோடு 4,700, ஓனர் 2,350 கொடுத்தார். இந்தக் குடும்பத்தின் பங்கு, அம்மா எடுத்து வைத்த 5,000ல் இருந்து போனது.

அதற்கு அப்புறம்

கேபினட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இப்போது 2 வோல்ட்டுக்கும் குறைவு. டெஸ்டர் எரியவில்லை. ஹெட்செட் இரைச்சல் அன்றோடு நின்றது. அம்மா வெறும் காலோடு நின்று ஈரத் துணியால் துடைத்துக் காட்டினார்.

ரீஸ்டார்ட் மட்டும் முழுதாகப் போகவில்லை. லூசாக இருந்த பாயிண்டை மாற்றியதில் குறைந்தது, ஆனால் மோட்டார் போடும்போது இன்னும் எப்போதாவது வந்தது. மீட்டரை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மோட்டார் கிளம்பும் நொடியில் 221ல் இருந்த சப்ளை 178க்கு விழுந்து ஏறியது. எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் 200 முதல் 240 வோல்ட் என்று எழுதி இருக்கிறது. சப்ளை ஒரு கணம் விட்டால் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது 16 மில்லி செகண்ட் வாக்கில்தான், அதற்கு மேல் நீண்டால் மெஷின் போய்விடும். நான் பட்டியலில் இருந்து எடுத்த யுபிஎஸ் இதற்குத்தான் தேவைப்பட்டது. ஆட்டத்தின்போது மானிட்டரோடு சேர்த்து 250 வாட் அளவுக்கு இழுப்பதை அளந்து பார்த்து, 1000 விஏ, 600 வாட் யுபிஎஸ்ஸே வாங்கலாம் என்று முடிவு செய்தோம். ஜூன் முதல் வாரம் மகள் சம்பளத்தில் இருந்து 5,800 கொடுத்தார். அதற்குப் பிறகு நோட்டில் ஒரு வரியும் ஏறவில்லை.

வெயில் விஷயமும் கொஞ்சம் படுத்தியது. மே மாதம் மத்தியானம் பிராசஸர் 86 டிகிரி தொட்டது, 5600க்கு எல்லை 90. கேபினட்டை அலமாரிக்குள் தள்ளி வைத்திருந்தான், சூடான காற்று திரும்பத் திரும்ப உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்து சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, ஆட்டத்தின் வேகத்தை நொடிக்கு 120 ஃப்ரேமில் நிறுத்தியதும் 78க்கு வந்தது. முன்வலையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்ட வேண்டியிருக்கிறது. கரண்ட் செலவையும் கேட்டார்கள். நாலு மணி நேரம் ஆடினால் 1 யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட் கூடும். மாடிக்குத் தனி மீட்டர் இருக்கிறது, 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும் என்பதால் அம்மா மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

பட்டியலை எழுதும் முன்னால் பாயிண்டை அளப்பேன். எலக்ட்ரீஷியன் ஒருவரும் 100 வாட் பல்பும் இருந்தால் பத்து நிமிட வேலை. பையன்கள் தாங்களாகவே சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது, பல்பு சோதனையையும் வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

யுபிஎஸ்ஸைப் பட்டியலின் கடைசியில் வைக்காமல் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வைப்பேன். 70,000க்குள்ளேயே அதற்கு இடம் இருந்தது. 1 டிபிக்குப் பதில் 500 ஜிபி எஸ்எஸ்டி எடுத்திருந்தால் 2,300 மிச்சம், 165 ஹெர்ட்ஸுக்குப் பதில் 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் எடுத்திருந்தால் 3,000 மிச்சம், மீதி இருந்த 700ஐயும் சேர்த்தால் 6,000. மானிட்டரைக் குறைக்க எனக்கு மனம் வராது, ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கை அந்தக் குடும்பத்தின் முன்னால் வைத்து அவர்களையே முடிவு செய்யச் சொல்லி இருக்க வேண்டும். கார்டு, பிராசஸர், போர்டு, வலை கேபினட் நான்கையும் அப்படியே திரும்ப வாங்குவேன்.

ரீஸ்டார்ட் என்று வந்தால் பாகத்தைக் கழற்றும் முன்னால் நோட்டில் நேரம் எழுதச் சொல்வேன். கம்ப்யூட்டர் பக்கமே வராதவர் ஏதாவது சொன்னால், அதை முதலில் கேட்பேன். அந்த வீட்டில் ஆரம்பத்திலேயே சரியான தகவலைச் சொன்னவர் அம்மா ஒருவர்தான்.

எர்த் குழியின் வாயை இப்போது சிமெண்ட் போட்டு மூடவில்லை, ஒரு கல் மட்டும் வைத்திருக்கிறார்கள். துணி துவைத்து முடித்ததும் ஓனர் வீட்டம்மாவோ மாடி அம்மாவோ கல்லை நகர்த்தி, கடைசி அலசல் தண்ணீரில் ஒரு பக்கெட் அதில் ஊற்றுகிறார்கள்.